மறதி நோய் மருந்தும் கணினிக் கணிப்பும்

கேள்வி: என் தாயாருக்கு அல்சைமர் தொடக்க நிலையில் உள்ளது. புதிய மருந்துகளால் மூளையில் வீக்கம் வருமாமே, கணினியால் அதை முன்கூட்டியே அறிய இயலுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தங்கள் கவலை நியாயமானதே. லெகனெமாப் போன்ற மருந்துகள், அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்னும் புரதப் படிவை அகற்றுகையில், இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்திருப்பதும் கரைந்து சுவர் நலிவதால், நீர்க்கசிவோ (தாங்கள் கூறும் வீக்கம் இதுவே) நுண்ணிய இரத்தக்கசிவோ எம்.ஆர்.ஐ. படத்தில் தென்படுவதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலோர்க்கு வெளி அறிகுறி ஏதும் இராது. மருந்தளவு, படிவு கரையும் வேகம், சுவர் ஆறும் வேகம் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக்கும் கணினி மாதிரிகள், அளவை எவ்வளவு மெல்ல உயர்த்தினால் கசிவு குறையும் என்று கணிக்க உதவுகின்றன. இதே வகையான டோனனெமாப் மருந்தை அவ்வாறு படிப்படியாக உயர்த்திய ஆய்வில், 24 வாரங்களில் நீர்க்கசிவு கண்டோர், வழக்கமான முறையில் ஏறத்தாழ 24 விழுக்காடாக இருக்க, இம்முறையில் 14 விழுக்காடாகக் குறைந்தனர். எனினும் இவை பலருக்கான பொதுக் கணிப்புகளே. தங்கள் தாயாருக்குரிய அபாயத்தை இக்கசிவு வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ.4 என்னும் மரபணு வகை உள்ளதா என்று காணும் பரிசோதனையும், தஞ்சாவூரில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமுமே காட்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவராயின், அதை நரம்பியல் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள்.