எல்.இ.டி. பல்பு மாட்டினால் சுற்றுச்சூழலுக்கு நிஜமாகவே நன்மையா, இல்லை எல்லாம் கண்துடைப்பா?

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறைப் பக்கம் இருபது வருஷமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். குண்டு பல்பு, சுருள் பல்பு (சி.எஃப்.எல்.), எல்.இ.டி. மூன்றையும் வீடு வீடாக மாட்டிக் கழற்றியவன். பல்பு சொன்னபடி வேலை செய்கிறது. அதை வைத்து நமக்குச் சொல்லப்படும் உபதேசத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

கணக்கு எளிது. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாசத்துக்கு 18 யூனிட். கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு மூன்று யூனிட்கூட ஆகாது. விலையும் சல்லிசாகிவிட்டது. 2014-ல் அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது ஒரு பல்பு 310 ரூபாய். 2016-ல் 38 ரூபாய். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் எங்க அம்மாவிடம் இந்தக் கணக்கு செல்லாது. 2016-லிருந்து வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று பல்பு, ஒரு டி.வி., எப்போதாவது மிக்சி. பில் என்றைக்கும் பூஜ்யம். "மிச்சம் பிடிச்சா எனக்கு என்னடா குடுப்பாங்க?" என்றார். அப்படியும் கேட்காமல் ஒரு மார்கழியில் போய் மூன்றையும் மாற்றிவிட்டு வந்தேன்.

அடுப்படியில் பரணிலிருந்து பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கும். அதற்குக் கீழே இருந்த குண்டு பல்பில் கரி அப்பி, வெளிச்சமே தேன் நிறத்தில்தான் வரும். அந்த பல்புக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் ஒன்பது கோழிக்குஞ்சு. எனக்கு அது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. காலையில் போன் வந்தது. ஏழு குஞ்சு ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து செத்திருந்தன. "வெளிச்சம் பளீர்னு இருந்துச்சு, சூடு இல்லையேடா" என்றார் அம்மா. வேறெதுவும் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

குண்டு பல்பு தின்னும் கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகத்தான் போகிறது. புத்தகத்தில் அது வீண். மலையில், மார்கழியில், ஒரு பெட்டிக் குஞ்சுக்கு அதுதான் அடைகாக்கும் கோழி. இப்போது குஞ்சு பொரித்தால் மட்டும் ஒரு குண்டு பல்பு தனி ஹோல்டரில் தொங்குகிறது.

சுருள் பல்பு வந்த கதை இதைவிட மோசம். 2009-ல் மத்திய அரசு திட்டம் ஒன்று போட்டது: பழைய குண்டு பல்பைக் கொடுத்து 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். வாங்கிக்கொள்ளலாம், மீதி விலையைக் கார்பன் கிரெடிட் (கரிப்புகையைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) விற்று ஈடுகட்டுவார்கள் என்று. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு சி.எஃப்.எல்லிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கொடைக்கானல்காரனிடம் பாதரசம் என்று சொல்லிப் பாருங்கள். பாம்பார் சோலைக்கு மேலே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, உடைந்த கண்ணாடியைப் பாதரசத்தோடு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளியது வெளியே வந்து, 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேரின் உடல்நல விவகாரத்தில் கம்பெனியோடு உடன்பாடு வர 2016 ஆனது. இதைப் பார்த்த ஊர் 'பச்சை விளக்கு' என்றதும் கை தட்டுமா? சந்தேகப்படுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த ஒரு காட்டேஜில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே 'மின்சாரத்தைச் சேமிப்போம்' ஸ்டிக்கர். எல்லாம் எல்.இ.டி. அதே ரூமில் 2000 வாட் ஹீட்டர். விருந்தாளி சாயங்காலம் நாலு மணி நேரம் போட்டால் 8 யூனிட். அம்மா அடுப்படி எல்.இ.டி. அந்த 8 யூனிட்டில் ஏறக்குறைய ஆறு மாசம் எரியும். ஸ்டிக்கரை ஹீட்டர் மேல் ஒட்டலாமே என்று ஓனரிடம் கேட்டேன். "தம்பி, அப்புறம் ரூம் யார் எடுப்பா?"

அதனால் மாட்டாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மாட்டுங்கள். ஐப்பசி இடியில் எல்.இ.டி. போனால், பெரும்பாலும் போவது உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட்தான். மொத்த பல்பும் ஆயுசு முடிந்ததாக நினைத்து ஏமாற வேண்டாம்; டிரைவரை மாற்ற முடிகிற ஃபிட்டிங்காகப் பார்த்து வாங்குங்கள். லோ வோல்டேஜில் குண்டு பல்பு மின்மினி மாதிரி மினுங்கும், நல்ல எல்.இ.டி. அப்போதும் ஒழுங்காக எரியும், எங்கள் ஊருக்கு அதுவே பெரிய விஷயம்.

கழற்றிய சுருள் பல்புகளை மட்டும் எங்கேயும் வீசவில்லை. 2023 மார்ச் வரை நடப்பில் இருந்த 2016 மின்கழிவு விதிகளின்படி தயாரித்தவர்களே திரும்ப வாங்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. டவுனில் நாலு கடையில் கேட்டுவிட்டேன், சிரிக்கிறார்கள். முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெயிண்ட் டப்பாவில் போட்டு, துணி சுற்றி, பேத்தி கைக்கு எட்டாத பரணில் வைத்திருக்கிறேன்.