காவிரியில் தண்ணீரே இல்லை, பயணத்தை விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள், ஆகஸ்ட் கடைசியில் கிளம்புங்கள். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய காவிரிப் பயண நூலான 'நடந்தாய் வாழி காவேரி'யைப் படித்த கையோடு மே மாதம் திருவையாறு போய், வெறும் மணலைப் பார்த்துத் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு மாதத்தில்தான்.

டெல்டாவுக்கு வரும் தண்ணீர் மேட்டூர் அணையின் திறப்பைப் பொறுத்தது. வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்தாலும் அது கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடையைத் தொட நாளாகும்.

கிளம்புமுன் ஒரு வாரம் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். முழு அளவு 120 அடி. மட்டம் நன்றாக இருந்து கல்லணையும் திறந்துவிட்டால் பையைத் தூக்கலாம். மழை பொய்த்த வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். வெள்ள எச்சரிக்கை இருந்தால் படித்துறையில் கால்கூட வைக்காதீர்கள்.

பூம்புகாரில் அகண்ட காவிரியைத் தேடாதீர்கள். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வாய்க்காலாக மெலிந்துதான் கடலுக்குப் போகிறாள். நான் போனபோது முழங்கால் தண்ணீரில் ஒரு பெரியவர் வலை அலசிக்கொண்டிருந்தார். முழுப் பயணத்திலும் என்னை அதிக நேரம் நிற்கவைத்தது அந்த இடம்தான்.