புரோக்கர் சொல்ற 2.67 லட்சம் வருமா?

கேள்வி: நாங்க திருப்பூர்ங்க. மாமனார் பேர்ல இருக்கற தார்சு வீட்டுலதான் எல்லாரும் ஒண்ணா இருக்கோம். எங்க வீட்டுக்காரர் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், நான் வீட்டுலயே ஓவர்லாக் தைக்கறேன், ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் 42,000 வருது. 28 லட்சத்துல ஒரு வீடு அமைஞ்சிருக்கு, 20 லட்சம் லோன். பிரதமர் வீட்டுத் திட்டத்துல 2.67 லட்சம் மானியம் உடனே வந்துரும், அதையே முன்பணத்துக்கு வச்சுக்கலாம்ங்கறாரு புரோக்கர். ரெண்டு வருஷத்துல 5 லட்சம் சீட்டும் முடியுது, அதை லோன்ல கட்டலாமா?

பதில்: புரோக்கர் பழைய கதைய சொல்றாருங்க. அந்த 2.67 லட்சம் திட்டம் 2022 மார்ச்சோட முடிஞ்சு போச்சு. இப்ப இருக்கறது அதே திட்டத்தோட 2024 செப்டம்பர்ல வந்த 2.0, இதுல லோன்ல முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீதம் வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஒரே தடவைல வராது, அஞ்சு வருஷத் தவணையா உங்க லோன் கணக்குக்குத்தான் போகும். கைக்கே வராத காசை முன்பணத்துக்கு எப்படி வச்சுக்கறது?

மத்தபடி உங்களுக்குத் தகுதி இருக்கற மாதிரிதான் தெரியுது. வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள, வீடு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள. மாமனார் வீடு தடையில்ல, ஏன்னா புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க இவங்கதான் இதுல ஒரு குடும்பம். ஆனா அவர் ஏற்கனவே பாகம் பிரிச்சு உங்க வீட்டுக்காரர் பேருக்கு எழுதி வச்சிருந்தா அவ்ளோதான், சொந்த வீடு இருக்குன்னு தள்ளிருவாங்க, அதை வீட்டுல இன்னைக்கே கேட்டுருங்க (கேக்கறதுக்கு சங்கடமாத்தான் இருக்கும்). புது வீட்டுப் பத்திரத்துல உங்க பேரும் கட்டாயம் இருக்கணும்.

சீட்டு விஷயத்துல ஒண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு தவணை வரும்போதும் லோன் அசல்ல பாதிக்கு மேல பாக்கி நிக்கணும், இல்லேன்னா அந்த மானியம் வராது. ரெண்டு வருஷத்துல நீங்க 5 லட்சம் கட்டுனாலும் அப்போதைக்கு பாதிக்கு மேலதான் நிக்கும், ஆனா கடைசித் தவணை வரைக்கும் அப்படி நிக்குமான்னு பேங்குல கேட்டுட்டு கட்டுங்க. நாளைக்கு பெருசா ஒரு தொகை வந்துச்சுன்னா, வருஷம் 36,000 மானியத்தை நெனச்சு லோனை இழுத்துட்டு இருக்காதீங்க, மிச்சமாகற வட்டி அதைவிட ஜாஸ்தி.

இப்போதைக்கு லோன் போக கைக்காசு 8 லட்சம் வேணும், பத்திரச் செலவு 9 சதவீதம்னா இன்னொரு 2.5 லட்சத்துக்கு மேல. இதுக்கு வழி தெரியாம டோக்கன் அட்வான்ஸ் குடுத்துராதீங்க.