மாவட்டம் ஏன் காலியாக வருகிறது? ஜாவாவில் ஐடியும் ஐடிரெஃப்பும்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒரு பார்சல் நிறுவனத்துக்கு ஜாவாவில் நிரல் எழுதுகிறேன். தாலுகா வாரியாகக் கிளைப் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தாலுகாவுக்குள்ளும் மாவட்ட விவரம் முழுசாகத் திரும்பத் திரும்ப வந்தது. ஐடிரெஃப் அனோட்டேஷன் போட்டதும் கோப்பு சுருங்கியது. ஆனால் திரும்பப் படித்தால் மாவட்டம் காலியாக, நல் என்று வருகிறது. எரர் எதுவும் இல்லை. எங்கே தவறு?"

ஐடிரெஃப் போட்டது சரிதான். விடுபட்டது வேறு. ஜாவா ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாகவும் எக்ஸ்எம்எல்லை ஆப்ஜெக்ட்டாகவும் மாற்றும் நூலகம்தான் ஜாக்ஸ்பி. 'எக்ஸ்எம்எல்ஐடிரெஃப்' என்று குறித்த இடத்தில் அது மாவட்டத்தை எழுதாது, அதன் குறியை, அதாவது ஐடியை, மட்டும்தான் எழுதும். அந்தக் குறிக்கு உரிய மாவட்டம் அதே கோப்பில் வேறெங்காவது முழுசாக இருக்க வேண்டும். உங்கள் மூல கிளாஸில் தாலுகா பட்டியல் மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாவட்டப் பட்டியலையும் அங்கே ஒரு லிஸ்ட்டாகச் சேர்த்து, அதற்கு வழக்கமான 'எக்ஸ்எம்எல்எலிமென்ட்' போடுங்கள். கோப்பு இப்படி வரும்:

<பட்டியல்>
  <மாவட்டம் குறி="மா1"><பெயர்>வேலூர்</பெயர்></மாவட்டம்>
  <மாவட்டம் குறி="மா3"><பெயர்>திருப்பத்தூர்</பெயர்></மாவட்டம்>
  <தாலுகா மாவட்டக்குறி="மா1"><பெயர்>காட்பாடி</பெயர்></தாலுகா>
  <தாலுகா மாவட்டக்குறி="மா3"><பெயர்>ஆம்பூர்</பெயர்></தாலுகா>
</பட்டியல்>

மாவட்டம் முன்னால் வந்தாலும் தாலுகாவுக்குப் பின்னால் வந்தாலும் கவலையில்லை. குறிக்கு உரிய மாவட்டம் இன்னும் வரவில்லை என்றால், கோப்பு முழுவதையும் படித்த பிறகு ஜாக்ஸ்பி அதைப் பொருத்திப் பார்க்கிறது. டேக் பெயர்கள் தமிழில் இருப்பதும் விதிப்படி சரியே. ஜாவா கிளாஸில் ஃபீல்டின் பெயர் என்னவாக இருந்தாலும், அனோட்டேஷனில் 'நேம்' என்ற இடத்தில் கொடுக்கும் பெயர்தான் கோப்பில் வரும்.

அடுத்தது, எதைக் குறியாக வைப்பது? முக்கால்வாசிப் பேர் வழுக்குவது இங்கேதான். பின்கோடு வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் எக்ஸ்எம்எல் ஐடி எண்ணில் தொடங்கக் கூடாது. 632001 அப்படியே செல்லாது. நடுவில் இடைவெளியும் கூடாது.

சரி, ஊர்ப் பெயரையே வைத்தால்? வேலூர் ஒரு மாவட்டம், வேலூர் ஒரு தாலுகாவும்கூட. திருப்பத்தூரும் அப்படித்தான். நாளைக்குத் தாலுகாவுக்கும் குறி வைத்தால் இரண்டும் மோதும். கிளாஸ் வேறு வேறு என்றாலும் ஐடி என்பது கோப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் நிலையானதும் இல்லை. 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோது இந்த மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர். அப்புறம்தான் வேலூர் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மாவட்ட விவரத்தை ஒவ்வொரு தாலுகாவிலும் நகலெடுத்து வைத்திருந்தவர்கள் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டியிருந்திருக்கும். குறி வைத்திருந்தால் ஆம்பூர் வரியில் மா1 என்பதை மா3 ஆக்கினால் போதும். இதற்காகவே நான் எப்போதும் பொருளில்லாத குறியைத்தான் பரிந்துரைப்பேன்.

உங்கள் தரவுத்தளத்தில் மாவட்டக் குறி 1, 2, 3 என்று எண்ணாக இருக்கும். 'எக்ஸ்எம்எல்ஐடி' போடும் ப்ராப்பர்ட்டி ஸ்டிரிங்காகத்தான் இருக்க வேண்டும், ஒரு கிளாஸில் ஒன்றுதான் இருக்கலாம். அதனால் எண் ஃபீல்டின் கெட்டருக்கு 'எக்ஸ்எம்எல்டிரான்சியன்ட்' போட்டு மறைத்துவிடுங்கள். முன்னால் 'மா' சேர்த்துத் தரும் கெட்டர் ஒன்றும், படிக்கும்போது அதைக் கழற்றி எண்ணாக்கும் செட்டர் ஒன்றும் எழுதி, அந்த கெட்டர் மேல் 'எக்ஸ்எம்எல்ஐடி' போடுங்கள். பெயரைப் போன்ற மற்ற ப்ராப்பர்ட்டிகளுக்கும் அனோட்டேஷனை கெட்டரிலேயே வையுங்கள். பப்ளிக் கெட்டர், செட்டர் இருக்கும்போது பிரைவேட் ஃபீல்டின் மேல் போட்டால், ஒரே பெயரில் இரண்டு ப்ராப்பர்ட்டி என்று ஜாக்ஸ்பி நின்றுவிடும்.

ஜாவா 11-லிருந்து ஜாக்ஸ்பி ஜாவாவோடு சேர்ந்து வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போது இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். நூலகம் 'ஜகார்த்தா' வகையாகவும் அனோட்டேஷன் பழைய 'ஜாவாக்ஸ்' வகையாகவும் இருந்தால், போட்ட அனோட்டேஷன் எதுவுமே கண்ணில் படாது.

எரர் வராததற்கும் காரணம் உண்டு. குறிக்கு உரிய மாவட்டம் கிடைக்காததை ஜாக்ஸ்பி வெறும் எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறது, தானாக நிற்காது. கோப்பைப் படிக்கும் அன்மார்ஷலரில் 'செட்ஈவன்ட்ஹேண்ட்லர்' வழியாக ஒரு ஹேண்ட்லர் வைத்து, எச்சரிக்கை வந்தாலே 'ஃபால்ஸ்' திருப்பும்படி எழுதுங்கள். மாவட்டப் பட்டியலைச் சேர்ப்பதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எந்தக் குறி அநாதையாக நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.