ஈரானில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பதற்கு முன்னால்

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் ஈரானியத் தோழி 2024 தேர்தலில் ஓட்டுப் போடவில்லை, அவளுடைய அண்ணன் போட்டார். இன்னும் அதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மதத் தலைமைக்குக் கீழே நடக்கிற தேர்தலால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? செய்தி படிக்கும்போது நான் எதை வைத்துப் புரிந்துகொள்வது?

பதில்: மாறும். ஆனால் மாறியதைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும் அதிகாரம் ஓட்டுப் போட்டவர்கள் கையில் இல்லை. அதனால் யார் ஜெயித்தார் என்பதைக் கடைசியில் பாருங்கள். யாரையெல்லாம் நிற்க விட்டார்கள், ஜெயித்தவர் கொண்டுவந்த மசோதா கடைசியில் எங்கே போய் மாட்டிக்கொண்டது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

நிற்க விடுவது பாதுகாவலர் மன்றம். 12 பேர். அதில் 6 மத அறிஞர்களை, அதிபருக்கும் மேலே இருக்கும் மதத் தலைவரான உச்சத் தலைவரே நேரடியாக நியமிக்கிறார். மீதி 6 சட்ட நிபுணர்களை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் நீதித்துறைத் தலைவர் கொடுக்கும் பட்டியலிலிருந்துதான். அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பவரும் உச்சத் தலைவர்தான். சரி, உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? 88 பேர் கொண்ட நிபுணர் சபை. அந்தச் சபைக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், ஆனால் அதற்கு யார் நிற்கலாம் என்று முடிவு செய்வதும் அதே பாதுகாவலர் மன்றம். 2021 அதிபர் தேர்தலுக்கு 592 பேர் மனு கொடுத்தார்கள், 7 பேரை ஏற்றுக்கொண்டார்கள். 2024-ல் 80 பேர் கொடுத்து 6 பேர் தேறினார்கள். இரண்டு முறை அதிபராக இருந்த ஹசன் ரூஹானியையே 2024-ல் நிபுணர் சபைக்கு நிற்க விடவில்லை, பல வருடம் அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தவர் அவர்.

உங்கள் தோழிக்கு நன்றாக நினைவிருக்கக்கூடிய ஒரு நாள், 2016 பிப்ரவரி தேர்தல். டெஹ்ரான் தொகுதிக்கு மட்டும் 30 நாடாளுமன்ற இடங்கள். ஈரான் ஓட்டுச்சீட்டில் பெயரை வாக்காளரே கையால் எழுத வேண்டும், அதாவது 30 பெயர்கள். ஒன்றை விட்டால் ஒரு ஓட்டு போச்சு. தெரிந்த முகங்களில் பலர் ஏற்கெனவே தள்ளுபடி ஆகியிருந்ததால், சீர்திருத்தவாதிகளும் மிதவாதிகளும் சேர்ந்து போட்ட பட்டியலில் இருந்த பலரை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது, இருந்தாலும் ஜனங்கள் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயராக எழுதினார்கள், 30 இடமும் அந்தப் பட்டியலுக்கே விழுந்தது. அதே நாளில் நிபுணர் சபைக்கும் ஓட்டு. டெஹ்ரானுக்கு 16 இடம். பாதுகாவலர் மன்றத்தின் செயலாளர் அயதுல்லா ஜன்னத்தி பதினாறாவதாக, கடைசி ஆளாக வந்தார். மே மாதம் அந்தச் சபை கூடித் தன் தலைவராக யாரைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? அதே ஜன்னத்தியை.

மசோதாவின் கதை இதைவிட வேதனையானது. 1997-ல் சீர்திருத்தவாதியான முகமது கத்தாமி ஏறத்தாழ 2 கோடி ஓட்டு வாங்கி அதிபரானார். புதுப் பத்திரிகைகள் முளைத்தன, ஊர் ஊராக உள்ளாட்சி மன்றங்களுக்கு 1999-ல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2000-ல் நாடாளுமன்றமும் சீர்திருத்தவாதிகள் பக்கம் வந்தது. வந்த கையோடு நீதித்துறை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளை மூடியது. சரி, பத்திரிகைச் சட்டத்தையே திருத்திவிடலாம் என்று ஆகஸ்டில் அவை கூடினால், விவாதம் வேண்டாம் என்று உச்சத் தலைவர் காமேனியிடமிருந்து ஒரு கடிதம். சபாநாயகர் கரூபி மசோதாவை எடுத்துக்கொள்ளவில்லை. அதிபர், நாடாளுமன்றம், கோடிக்கணக்கான ஓட்டு, எல்லாம் ஒரு பக்கம் இருந்தும் ஒரு கடிதத்தோடு முடிந்தது. அப்புறம் பாதுகாவலர் மன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்க கத்தாமி ஒரு மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றம் நிறைவேற்றும் எல்லா மசோதாவும் பாதுகாவலர் மன்றத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அதுவும் போனது, நிராகரித்தார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு உங்கள் தோழி வீட்டில் இருந்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஓட்டுப் போடாமல் இருப்பதும் அங்கே ஒரு கருத்தைச் சொல்வதுதான். வாக்குப்பதிவு சதவீதத்தைத் தங்களுக்கான மக்கள் ஆதரவாகக் காட்டுவது அந்த அரசின் வழக்கம், அதனால் 2024 ஜூன் முதல் சுற்றில் வெறும் 40 சதவீதம் பேர் வந்தது அவர்களுக்கு வலித்திருக்கும்.

ஆனால் அண்ணனும் ஏமாளி இல்லை. பெண்கள் தலையில் துணி இல்லாமல் தெருவில் நடக்க ஆரம்பித்தது எந்தத் தேர்தலாலும் இல்லை. 2022 செப்டம்பரில், ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட இளம்பெண் மாசா அமினி காவலில் இருந்தபோது இறந்த பிறகு, உயிரைப் பணயம் வைத்துத் தெருவில் இறங்கியவர்களால் வந்தது. அதற்குப் பதிலடியாகக் கடும் தண்டனைகளோடு ஹிஜாப் சட்டம் ஒன்று எல்லாப் படியும் தாண்டி 2024 டிசம்பரில் அமலுக்கு வரக் காத்திருந்தது. அந்த வருடம் ஜூலையில் அதிபர் தேர்தலில் ஜெயித்த மசூத் பெசெஷ்கியான் அதை வெளிப்படையாக எதிர்த்தார், நாட்டின் பாதுகாப்பு விஷயங்களைப் பார்க்கும் உச்ச தேசியப் பாதுகாப்பு மன்றம் நிறுத்திவைத்தது. இரண்டாம் சுற்றில் அவரோடு மோதிய சயீத் ஜலீலி ஜெயித்திருந்தால் அது நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. தெருவில் பெண்கள் வாங்கியதை ஓட்டுப்பெட்டி கொஞ்ச காலம் காத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். நிறுத்திவைத்தார்களே தவிர ரத்து செய்யவில்லை.

அடுத்த முறை ஈரான் தேர்தல் என்று செய்தி வந்தால், வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் தள்ளுபடி ஆனவர்களின் பெயர்களைப் படியுங்கள். முடிவு வந்து ஒரு வருடம் கழித்து, ஜெயித்தவர் வாக்குக் கொடுத்த ஒரே ஒரு மசோதாவைத் தேடிப் பாருங்கள், அது எந்த மேஜையில் கிடக்கிறது என்று. தோழியிடம் யார் சரி என்று கேட்பதைவிட, அந்த மசோதா பற்றிக் கேளுங்கள்.