‘ஐ வில் லெட் யூ கோ’ என்று மேலாளர் சொன்னால் வேலை போய்விட்டதா?

போனில் பேசி முடிக்கும்போது மேலாளர் ‘ஐ வில் லெட் யூ கோ, டாக் ஆன் மண்டே’ என்றார், என் வேலை போய்விட்டதா என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். இல்லை, வேலை போகவில்லை. போனை வைக்கப் போகிறேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். ‘உங்களுக்கும் வேலை இருக்கும், இதற்கு மேல் பிடித்து வைக்கவில்லை’ என்று, பேச்சை முடிப்பதையே உங்கள் வசதிக்காகச் செய்வதுபோல் காட்டும் மரியாதை அது. ‘ஐ வோண்ட் கீப் யூ’ என்பதும் இதே ரகம்.

அகராதியில் ‘லெட் கோ’ பார்த்திருப்பீர்கள், பணிநீக்கம் என்று வந்திருக்கும். அதுவும் சரியான பொருள்தான். ஆனால் அப்போது பெரும்பாலும் ‘வீ ஹேவ் டு லெட் யூ கோ’ என்று நிறுவனத்தின் சார்பில் ‘நாங்கள்’ போட்டுப் பேசுவார்கள். கூடவே காரணம், கடைசி நாள், சம்பளப் பாக்கி எல்லாம் வரும்.

அந்த அழைப்பின் கடைசி நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் ‘எனிவே’ அல்லது ‘ரைட்’ என்று இழுத்தாரா? முடிக்கப் போவதற்கு அதுதான் அடையாளம். பிறகு ‘டாக் ஆன் மண்டே’ என்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்டு அனுப்புகிறவரிடம் திங்கட்கிழமை பேசலாம் என்று யார் சொல்வார்கள்? தயவுசெய்து நிம்மதியாகத் தூங்குங்கள்.

அடுத்த முறை ‘ஷ்யூர், தேங்க்ஸ், பை’ போதும். அதற்குப் பிறகு புதுப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

ஒன்று மட்டும்: ‘சீ யூ லேட்டர்’ என்றால் அன்றைக்கே சந்திப்போம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரம் குறிப்பிட்டுச் சொன்னால் மட்டும் காத்திருங்கள்.