டீசல் கொட்டிய மணலுக்குப் பாக்டீரியா பாட்டில் தேவையா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பாத்தி வைத்திருக்கிறேன். இன்ஜின் பக்கத்தில் இருந்த கேன் சாய்ந்து பத்து லிட்டர் டீசல் போல மணலில் இறங்கிவிட்டது. இரண்டு மாதமாகியும் அங்கே குச்சி வேர் பிடிக்கவில்லை, புல்கூட இல்லை. எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிறார்கள், வாங்கி ஊற்றலாமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி, காசைக் கரியாக்காதீர்கள். அந்தப் பாக்டீரியா உங்கள் தோப்பு மண்ணிலேயே இருக்கிறது. தென்னை மட்டையும் பனை ஓலையும் மக்கும்போது, அவற்றுக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்து வளைய வடிவ மூலக்கூறுகள் பிரிந்து வரும். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் மாதிரியான மண் பாக்டீரியாக்கள் காலங்காலமாக அதைத் தின்று பழகியவை. டீசலில் உள்ள நாப்தலீன் வகையறாவும் அந்த வளையக் குடும்பம்தான். எண்ணெய் தின்னும் சூடோமோனாசை உருவாக்கிய ஆனந்த சக்ரவர்த்திக்கு 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை உண்டு என்றது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றுவது, ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு போட்டி போட்டு நிலைப்பது கஷ்டம்.

பிறகு ஏன் புல் முளைக்கவில்லை? வளையத்தை உடைப்பது லேசான வேலை இல்லை. பாக்டீரியா முதலில் காற்றிலுள்ள ஆக்சிஜனை வளையத்தில் ஏற்றி அதைக் கேட்டிக்கால் என்ற இடைப்பொருளாக மாற்றும், அப்புறம் இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறை வைத்து வளையத்தைத் திறக்கும், திறந்த சங்கிலி துண்டு துண்டாகி, சர்க்கரையை எரிக்கிற அதே பாதையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்குச் சத்து கிடைக்கும். ஆகக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், உடம்பு வளர்க்கத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும். உங்கள் வெறும் மணலில் கடைசி மூன்றுமே பஞ்சம். எண்ணெய் பிடித்த மணலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

எண்ணெய் வாடை அடிக்கிற மணலை முழுக்க வெட்டி எடுத்து, தார்ப்பாயில் அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள். நன்றாக மக்கிய ஆட்டு எரு கலக்கலாம். வெல்லம் போட்ட கரைசல் எதுவும் ஊற்ற வேண்டாம், லேசான தீனி கிடைத்தால் எண்ணெயை யார் தின்பார்கள்? லிட்டர் டீசலுக்குச் சுமார் 100 கிராம் யூரியா, அதையும் மூன்று தவணையாகக் கரைத்துத் தெளியுங்கள். ஒரேயடியாகப் போட்டால் உப்புக் காட்டும். உவர்த் தண்ணீர் வேண்டாம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் அளவு. வாரம் ஒரு முறை மண்வெட்டியால் புரட்டிவிடுங்கள், மழை வந்தால் மூடுங்கள்.

வாடை போய்விட்டது என்று உடனே நாற்றுக் குச்சி ஊன்றாதீர்கள். லேசானவை ஆவியாகிப் போயிருக்கும், இரண்டு மூன்று வளையம் உள்ளவை தங்கியிருக்கும். ஒரு சட்டியில் இந்த மணல், இன்னொன்றில் நல்ல மணல், இரண்டிலும் தட்டைப்பயறு போடுங்கள். இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தால் பாத்திக்குக் கொண்டுபோகலாம்.

பக்கத்தில் குடிதண்ணீர் ஊற்று இருக்கிறதா, சொல்லவில்லையே? இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், அந்த மணலை இன்றைக்கே அள்ளிவிடுங்கள். மணலில் டீசல் நிற்காது, கீழே இறங்கும். தண்ணீரில் வாடையோ மேலே பளபளப்போ தெரிந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.